கேள் கீரை

அபர்தீன்,
8 அக்டோபர் 2023

பின்சி அக்காவுக்கு,

இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஷாலு லீவில் ஊருக்கு வருகிறாள். அவள் கையில் இந்தக் கவரைக் கொடுத்தனுப்புகிறேன். நெய்யாற்றின்கரையில் அவள் வீட்டில் போய் வாங்கிக்கொள்.

உள்ளே மூன்று விதைப் பொட்டலங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கென்று வாங்கியவை. மே மாதம் போனில், "நீ அங்க வளக்குத கீரைக்க வித்து கொண்டு வருவியா மக்கா" என்று கேட்டார். கிறிஸ்மஸுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது எறியவும் முடியவில்லை, இங்கே விதைக்கவும் கை வரவில்லை.

இதற்குப் பெயர் கேல். கோஸ் வர்க்கம், ஆனால் உருண்டை பிடிக்காது, இலை இலையாகவே வளரும். விதை கடுகு போல இருக்கும். ஒன்று சுருட்டை இலை. ஒன்று கறுத்து நீண்ட இலை, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். மூன்றாவது சிவப்புத் தண்டு. நகம் ஆழத்துக்கு மேல் புதைக்காதே. மழைத்துளி நேராக விழக்கூடாது.

என்னை போனில் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் ஆகஸ்டு பதினெட்டாம் தேதியைப் பற்றித்தான் பேசுவேன். இரண்டு இரவு பொறுத்திருந்தால் நானும் அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். இதற்கு மேல் எழுதவில்லை.

விதைப்பதும் விதைக்காததும் உன் இஷ்டம். யாரையும் கேட்டுச் செய்கிற வழக்கம் உனக்கு இல்லை.

ஜோஸ்னா

~

பாறசாலை,
12 நவம்பர் 2023

அன்புள்ள ஜோஸ்,

விதை கிடைத்தது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் விதைத்தேன். ஆறாம் நாள் முளைத்துவிட்டது. மூன்று தட்டு, மூன்று இனம். ஐப்பசித் துலாமழை இன்னும் விடவில்லை, அதனால் மொட்டைமாடியில் தகரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். லைப்ரரிக்குக் கிளம்பும் முன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் ஏறிப் பார்க்கிறேன். முட்டி வலிக்கிறது. உனக்கு நாற்பத்தொன்று என்றால் எனக்கு நாற்பத்தைந்து என்பதை மாடிப்படி ஞாபகப்படுத்துகிறது.

அம்மையைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே எழுதுகிறேன். பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு, சபைக்கு, எங்கும் போவதில்லை. ஆனால் இந்த விதை வந்ததிலிருந்து மாடி ஏறுகிறாள். தட்டுக்கு அடையாளம் வைக்க வேண்டும் என்று ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி, மார்க்கர் பேனாவால் அவளே எழுதினாள். கேள் ஒன்று, கேள் இரண்டு, கேள் மூன்று. 'ல்' போட வேண்டும் அம்மா என்றேன். "கேல்னு ஒரு வாக்கு கெடையாது. கேள்னு உண்டு. கெடையாத்த வாக்க நான் எப்படி எழுத?" என்கிறாள். பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி சேச்சி வந்து பார்த்து, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சிரித்தாள். இப்போது எங்கள் வீட்டில் அது கேள் கீரை.

அப்பா ஏன் இந்த விதையைக் கேட்டார் என்று உனக்குத் தெரியுமா? சர்க்கரைக்கு நல்லது என்று நினைத்திருப்பாய். அது காரணம் இல்லை.

உனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலம். பஸ்ஸில் வருகிற ஒருவரிடம் கோஸ் நாற்று வாங்கிவந்து, கிணற்றுக்குப் பின்னால் பன்னிரண்டு செடி நட்டார். நம் சூட்டில் ஒன்றுகூட உருண்டை பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. மூடிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு செடியையும் வாழைநாரால் கட்டிவைத்தார். அறுப்புப் பண்டிகை அன்று கட்டோடு ஒரு செடியைச் சபைக்குக் கொண்டுபோனார். காணிக்கைகளை ஏலம் போட்ட ஞானசிகாமணி அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்ததும் நார் அவிழ்ந்து இலையெல்லாம் குடை மாதிரி விரிந்துவிட்டது. "மூடாத கோஸ், யாருக்கு வேணும், மூடாத கோஸ்" என்று அவர் கூவினார். சபை முற்றம் முழுக்கச் சிரித்தது. எத்தனை வருஷம் அப்பாவுக்கு அந்தப் பெயர் இருந்தது. அதன் பிறகு பண்டிகைக்கு வாழைக்குலையைத் தவிர அவர் எதுவும் கொண்டுபோனதில்லை.

மே மாதம் நீ உன் தோட்டப் படம் அனுப்பினாய் அல்லவா, அதை என் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "பின்சி, இது எனக்க கோஸாக்கும். மூடாத்த எனம் ஒண்ணு உண்டு, பாத்தியா? முப்பது கொல்லமா எல்லாவனும் சிரிச்சான்" என்றார், முப்பது வருஷமாக அடக்கிவைத்திருந்ததைப் போல. அடுத்த பண்டிகைக்கு அதைக் கொண்டுபோய் முற்றத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு.

பண்டிகை பிப்ரவரி நாலாம் தேதி. எனக்கு அதைச் செய்ய வேண்டும், ஜோஸ்.

சாயங்கால வெயில் படாத இடம் கிணற்றுக்குப் பின்னால் ஒரு பாத்தி மட்டும்தான். பதினாறு செடிக்கு மேல் கொள்ளாது. மூன்றில் எதை நடட்டும்? உன் பதில் வருவதற்குள் நாற்று பொறுக்குமா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அக்கா,
பின்சி

~

அபர்தீன்,
1 டிசம்பர் 2023

அக்கா,

நாற்று பொறுக்குமா தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எதுதான் பொறுத்தது.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கறுத்த நீள இலையை நடு. கேள் இரண்டு. மூன்றில் அதுதான் சூடு தாங்கும். சுருட்டையின் மடிப்புக்குள் தண்ணீர் தங்கி நம் ஊரில் அழுகிவிடும், புழு ஒளிந்தாலும் தெரியாது. சிவப்புத் தண்டு இலை மெல்லியது, பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். பெயருக்கு இரண்டிரண்டு வை. செம்மண்ணில் ஒரு பிடி சுண்ணாம்பு கலந்து வை. இலையைக் கீழிருந்து பறி, குருத்தைத் தொடாதே.

இங்கே பனி விழுந்துவிட்டது. என் பாத்தியில் கேல் மட்டும் நிற்கிறது. பனி பட்ட பிறகுதான் இதன் இலை இனிக்கும். போன வருஷம் இதை அப்பாவிடம் சொன்னபோது நம்பவில்லை. குளிரில் எப்படி ஒன்று இனிக்கும் என்று கேட்டார்.

அந்தக் கோஸ் விஷயம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அப்பா நார் கட்டிவிட்டு டூட்டிக்குப் போனதும், உள்ளே உருண்டை வந்துவிட்டதா என்று தினமும் அவிழ்த்துப் பார்த்தது நான்தான். எனக்குக் கட்டத் தெரியாது. சும்மா சுற்றி வைத்துவிடுவேன். அன்று முற்றத்தில் நார் அவிழ்ந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். என் கை ஏன் வியர்த்தது என்று கேட்டாய். ரொம்ப வருஷம், நான் அவிழ்த்ததால்தான் அது மூடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சொல்லவே இல்லை. சொல்லலாம் என்று கிறிஸ்மஸுக்கு எடுத்து வைத்திருந்தவற்றில் அதுவும் ஒன்று.

வியாழக்கிழமை காலையில் நான் இங்கே வார்டில் டூட்டியில் இருக்கும்போது அப்பா போய்விட்டார் என்று நீ சொன்னாய். நான் லீவு கேட்டு, டிக்கெட் எடுத்து, ஞாயிறு காலை வந்துவிடுவேன் என்று மெசேஜ் போட்டேன். நீ பார்த்ததாக நீல நிறம் காட்டியது. வெள்ளிக்கிழமை நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா மகன் ஒரு லிங்க் அனுப்பினான். அடக்க ஆராதனை, நேரலை. கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். நடுவில் ஒரு விளம்பரம் வந்தது அக்கா. பிறகு மண் போட்டார்கள்.

நம் ஊரில் துபாயில் இருக்கிற மருமகனுக்காகக்கூட நாலு நாள் வைப்பார்கள். நான் மகள்.

ஞாயிறு வந்தபோது ஈரமண்ணும் வாடின மாலைகளும்தான் இருந்தன. அதனால்தான் உன்னோடு பேசாமல் மூன்றாம் நாள் திரும்பினேன்.

அம்மை கேள் என்று எழுதியது பிழையில்லை. அந்த வீட்டில் யாராவது ஒருவர் அதை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

ஜோஸ்னா

~

பாறசாலை,
30 டிசம்பர் 2023

அன்புள்ள ஜோஸ்,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. அதுவரை நாற்றை நடவில்லை. பேப்பர் கிளாஸில் மாற்றி மாற்றி வைத்திருந்தேன். தண்டு நீண்டு சாயத் தொடங்கிவிட்டது. ஸ்ரீகுமாரி சேச்சி தினமும் மதிலுக்கு அப்பால் நின்று, நடாமல் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றாள். தபாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். இந்தப் பிள்ளைக்குத் தலைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அம்மையிடம் சொல்லியிருக்கிறாள். இந்த முறை காத்திருந்தேன். அதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பதினொன்று கறுத்தது நட்டேன். சுருட்டை இரண்டும் நீ சொன்னபடியே அழுகிவிட்டன. சிவப்புத் தண்டைக் கிறிஸ்மஸ் அன்று பார்த்தால் நரம்பு மட்டும் நிற்கிறது, மீன் தின்ற தட்டு மாதிரி. பச்சைப் புழு. அம்மை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் எடுத்துக் கோழிக்குப் போடுகிறாள். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தபின் கறுத்தது தப்பித்தது. புது இலை வருகிறது. அந்தச் சொரசொரப்பைத் தொட்டால் அப்பாவின் முழங்கை ஞாபகம் வருகிறது. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

வாழைநாரை அவிழ்த்தது நீ என்று எனக்கு அப்போதே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். டூட்டி முடிந்து வந்ததும் மறுபடியும் இறுக்கிக் கட்டுவார். பண்டிகை அன்று காலையில் கட்ட மறந்துவிட்டார், அவ்வளவுதான். "சின்னவளுக்குக் கெட்ட அறியாம்பாடில்ல" என்று, உனக்குக் கட்டத் தெரியாததைச் சொல்லிச் சிரித்தார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சொன்னார். இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றுவதற்காக எதையாவது சொல்லாமலே இருந்திருக்கிறோம்.

உன் கடிதங்களை அம்மைக்கு வாசித்துக் காட்டுகிறேன். சில வரிகளைத் தாண்டிவிடுவேன். செடியைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று உன்னை நான் கேட்கவில்லை. அது சத்தியம். ஆனால் ஏன் கேட்கவில்லை என்று நீயும் என்னை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

பின்சி

~

அபர்தீன்,
15 ஜனவரி 2024

அக்கா,

ஏன்?

ஜோஸ்னா

~

பாறசாலை,
5 பிப்ரவரி 2024

அன்புள்ள ஜோஸ்,

நேற்று பண்டிகை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதத் தைரியம் வர வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் பறித்தோம். கீழிருந்து, குருத்தைத் தொடாமல். இரண்டு கட்டு வந்தது. எதால் கட்டுவது என்று நான் ரப்பர் பேண்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மை வாழைநார் கிழித்துக்கொண்டு வந்தாள். காலையில் நான் கிளம்பும்போது அவளும் வெள்ளைச் சேலை உடுத்து வாசலில் நிற்கிறாள். அப்பா போனபின் முதல் முறை சபைக்கு வருகிறாள். பாத்தியிலிருந்த மூடித்துண்டையும் பிடுங்கிக் கீரைக்கட்டுக்குள் செருகியிருந்தாள்.

சேனையும் மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் போனபின் நம் கட்டு வந்தது. இன்றைக்கும் ஏலம் போடுவது ஞானசிகாமணி அண்ணன்தான். தலை நரைத்துவிட்டது, தொண்டை நரைக்கவில்லை. கட்டைத் தூக்கினார். மூடித்துண்டை வாசித்தார். "இதில கேள்னு எழுதியிருக்கு. சரோஜம் அக்கா சொல்லியாச்சு, பின்னே கேளுங்க" என்றார், அம்மையைப் பார்த்து. ஏலம் கேட்க வந்தவர்களிடம் கேள் என்று ஒரு கீரை. முற்றம் சிரித்தது. பின்னால் யாரோ, "இது ராஜையா அண்ணனுக்க மூடாத கோஸுல்லா" என்றார்கள். முப்பது வருஷம் கழித்தும் ஒருவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குக் காது சுட்டது. உன் கை அங்கே இல்லை, என் கைதான் வியர்த்தது.

அம்மை எழுந்து நின்றாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"இது மூடாத்த எனமாக்கும். சீமையில இதுக்குன்னு தோட்டம் உண்டு. எனக்க எளையவ அங்கேருந்து வித்து கொடுத்துவிட்டா. அவரு நட்டது தெத்தில்ல. சிரிச்சதுதான் தெத்து."

தப்பு யாருடையது என்று சொன்னாள், அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஞானசிகாமணி அண்ணன் கட்டைப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்து, மேடையிலிருந்து இறங்கி, கீழே கூட்டத்தோடு நின்று, "நான் கேக்கேன்" என்றார். அவருக்கு மேல் யாரும் கேட்கவில்லை. போகும்போது அம்மையிடம் வந்து, இதை எப்படி வைப்பது என்று கேட்டார். தோரன் வை, தேங்காய் கொஞ்சம் கூடுதல் போடு என்றாள்.

இனி மற்றது.

அந்த வியாழக்கிழமை காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் இளையவள் எப்போது வருகிறாள் என்றுதான் கேட்டார்கள். நீ வரும்வரை பிரீசரில் வைப்பது என்று நானும் நினைத்திருந்தேன். உன் மெசேஜ் அப்போதுதான் வந்தது. அம்மை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் அழவில்லை. "அவரெ ஐசுல வைக்காண்டாம் மக்கா. ஃபேன் போட்டாலே கம்பிளி கேக்குத மனுசனாக்கும். மூணு ராத்திரி அதுக்குள்ள எப்படிக் கெடப்பாரு?" என்றாள்.

உனக்குத் தெரியும், கடைசி ஆறு மாதம் அவருக்குக் குளிர் தாங்காது. மே மாத வெயிலிலும் இரண்டு போர்வை. உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அந்தப் பிள்ளை அந்தக் குளிரில் எப்படிக் கிடக்கிறதோ என்பார். செத்தவருக்குக் குளிராது அம்மா என்று சொல்ல நான் படித்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

கைப்பேசியை எடுத்தேன். உன் பெயர் வரைக்கும் போனேன். உன்னைக் கேட்டால் நீ பதில் சொல்வாய், ஜோஸ். வை என்பாய். நீ சொல்வது நியாயம். அதன் பிறகு உன் பேச்சையோ அம்மை பேச்சையோ ஒன்றை நான் தள்ளியாக வேண்டும். கேட்டபின் தள்ளுவதைவிடக் கேட்காமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. அது கோழைத்தனம். நாற்பத்தைந்து வயதில் அதற்கு வேறு பெயர் வைக்க நான் முயலவில்லை.

நீ திரும்பிப் போனபின் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் கோபம் அம்மை பக்கம் திரும்பும் என்று பயந்தேன். நம் இரண்டு பேருக்கும் இன்னும் காலம் இருக்கிறது. அவளுக்கு எழுபத்துநாலு.

இதை எழுதியது அம்மைக்குத் தெரியாது.

உன் அக்கா,
பின்சி

~

அபர்தீன்,
24 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

வார்டில் யாராவது இறந்தால் நாங்கள்தான் முகம் துடைப்போம். தலை சீவுவோம். பெயர்ச்சீட்டைக் கணுக்காலில் கட்டுவோம். பிறகு கீழே அனுப்புவோம். அந்த இழுப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன் என்று தெரியாது. ஒரு தரம்கூட அவர்களுக்குக் குளிரும் என்று நினைத்ததில்லை. உன் கடிதம் வந்த வாரம் ஒரு தாத்தா போனார். அனுப்பும் முன் இன்னொரு போர்வையைச் சுற்றினேன். கூட இருந்த பெண் எதற்கு என்றாள். எங்கள் ஊர் வழக்கம் என்றேன்.

நீ கேட்டிருந்தால் வை என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நீ சரியாகத்தான் ஊகித்திருக்கிறாய். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் பொய். கீழிருந்து இலை பறித்தது போல இருக்கிறது. குருத்து இன்னும் நிற்கிறது. அம்மை மேல் கோபம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அவள் எழுந்து நின்றதை நீ எழுதியிருந்த பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். அந்த முற்றத்தில் இருந்திருக்க வேண்டும். இதற்கு யாரும் நேரலை போடவில்லை பார்.

செடியைப் பற்றி ஒரு காரியம். பூ வரும், விதை எடுக்கலாம் என்று அம்மை காத்திருப்பாள். காத்திருக்க வேண்டாம் என்று சொல். பனிக்காலம் ஒன்றைத் தாண்டினால்தான் கேல் பூக்கும். பாறசாலையில் அது எத்தனை நாள் நின்றாலும் இலைதான் தரும், விதை தராது. ஒவ்வொரு வருஷமும் குளிர் உள்ள இடத்திலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும்.

என் பாத்தியில் இரண்டு செடியைப் பூக்க விட்டிருக்கிறேன். ஆகஸ்டில் காய் முற்றும். கறுத்தது மட்டும்.

ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் விதையோடு நான் வரட்டுமா? நாற்று விட்டு, நட்டு, முதல் இலை பறிக்கும்வரை இருக்க லீவு கிடைக்கும். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. அம்மையிடம் கேட்டு எழுது. நீயும் சொல்.

ஜோஸ்

~

பாறசாலை,
16 மார்ச் 2024

அன்புள்ள ஜோஸ்,

வெயில் ஏறிவிட்டது. பதினொன்றில் ஐந்துதான் நிற்கின்றன. இலை சிறுத்துக் கசக்கத் தொடங்கியிருக்கிறது. அம்மை தேங்காயைக் கூட்டிக்கொண்டே போகிறாள். பண்டிகையிலிருந்து திரும்ப வாங்கிவந்து குத்திய மூடித்துண்டை மட்டும் பாத்தியிலிருந்து எடுக்க விடவில்லை. மழையில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. மேலே ஒரு தரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'ள்' போட்டுத்தான்.

உன் கடிதங்களை எல்லாம் அம்மைக்கு மறுபடியும், ஒரு வரியும் தாண்டாமல் வாசித்தேன். நேரலை, இழுப்பறை, போர்வை, எல்லாம். அம்மை நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும், உனக்கு அன்று சாப்பாடு யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டாள். உன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்த அன்று. எனக்குத் தெரியவில்லை. எழுது.

என்னைக் கேட்டதற்கு என் பதில்: வா. நீ கேட்டது எனக்குப் பிடித்திருந்தது, கேட்காமலே வந்திருந்தாலும் வா என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்மையிடமும் கேட்டேன். நீ எழுதியதை அப்படியே வாசித்தேன், அக்டோபரில் நான் வரட்டுமா என்று. அவள் ஈர்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் கேக்கணுமா மக்கா?"

பின்சி